ஏனோக்கு புகைக்காத கஞ்சா

ஏனோக்கு தன் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் திருத்தணியில் பாதிப் பேருக்கு அவன் கஞ்சாவை விட்டுத் திருந்தியவன்.

எல்லாம் ஒரு பாட்டால் வந்தது. வாலிபர் கூட்டத்துக்கு ராப் எழுதச் சொன்னார் பாஸ்டர். சபையில் கிடார் வாசிக்கும் சந்திரமோகன் அதை உறும விட்டுத் தகரக் கூரையே அதிரும்படி வாசித்துக் காட்டினான். அதன்மேல் ஏனோக்கு தன் சாட்சியை, கர்த்தர் தன்னை மாற்றிய கதையை, சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளிக்கு ஒழுங்காகப் போனேன், அம்மா பேச்சைத் தட்டியதில்லை என்று எழுதிப் பார்த்தான். அந்தக் கிடாருக்கு முன்னால் அது பால்வாடிப் பாட்டு மாதிரி இருந்தது. அடித்து அடித்து எழுதிக் கடைசியில் இது வந்தது:

தாளில சுருட்டின புகையில தலைகுப்புற விழுந்தேன்,
தூக்கிவிட்ட கையப் பாத்துத் தரையில அழுதேன்.

பாட்டுதானே என்று நினைத்தான். பாடி முடித்தபோது பாஸ்டர் மேடையிலேயே அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். யாரோ எடுத்த வீடியோ அரக்கோணம் வரை போயிற்று. அவன் வேலை செய்யும் மொபைல் கடை முதலாளி நஜீர் அகமது பாய்கூட விடவில்லை. "டேய் விடுதலை, டிஸ்ப்ளே ஒட்டுற பசைய மோந்து கீந்து பாத்துடாதடா" என்று சிரித்தார்.

இன்று கனகம்மாசத்திரத்தில் எழுப்புதல் கூட்டம். 'கஞ்சாவிலிருந்து விடுதலை பெற்ற சகோதரன்' என்று அவன் படத்தோடு பேனர் கட்டியிருந்தார்கள். மேடை ஏறுமுன் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தான்.

மேடைக்குப் பின்னால் பாஸ்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், நான் கஞ்சா அடிச்சதே இல்ல. பாட்டுக்காக எழுதிட்டேன்."

பாஸ்டர் டீ கப்பை மெதுவாகக் கீழே வைத்தார். "அடிக்கணும்னு மனசுல நெனச்சதாவது உண்டா?"

"இல்லீங்க."

"பாவமே பண்ணாதவனா நீ?"

"அப்படிச் சொல்லல..."

"அப்போ பாவிதான? அந்தப் பாட்டக் கேட்டு எத்தினி பேர் அழுதுகினு வந்தாங்க, நீயே பாத்த. சாட்சி உன்னுது இல்ல தம்பி, கர்த்தருடையது. போ, மைக் செக் பண்ணு."

ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்றுகூட ஏனோக்குக்குத் தோன்றியது. திரும்பியபோது ஓர் அம்மாள் வழிமறித்தாள். அவள் பிடியில் அவன் வயதுக்காரன் ஒருவன், கண் சிவந்து நின்றான்.

"நைனா, நான் கன்னியம்மா. கே.ஜி.கண்டிகை. இது என் புள்ள அரசு. நீ எப்டி வுட்டன்னு இவனாண்ட சொல்லு நைனா. நான் இருந்தா வெக்கப்படுவான்." சொல்லிவிட்டு நாற்காலிகள் பக்கம் போய்விட்டாள்.

இவனிடமாவது பொய் சொல்லக்கூடாது என்று ஏனோக்குக்குத் தோன்றியது. "நான் அடிச்சதே இல்லண்ணா. அந்தப் பாட்டு பொய்."

அரசு சிரித்தான். "அது தெரியும். 'தாளில சுருட்டின'ன்னு பாடும்போது வீடியோல உன் கையப் பாத்தேன். பீடா மடிக்கிற மாதிரி காட்டின."

"உங்கம்மாகிட்ட சொல்லிடறேன்."

சிரிப்பு நின்றது. அரசு அவன் சட்டையைப் பிடித்தான். "சொல்லாத. உன் பாட்டப் போட்டுகினுதான் அது தூங்குது. நீ வுட்டன்னா நானும் வுட்டுடுவேன்னு நம்பிகினு கீது. அதையும் கெடுத்துட்டுப் போயிடாத."

"நீங்க வுடுவீங்களா?"

"இன்னா தெரியும்? நீ போய் பாடு."

மேடையில் அவன் பெயரை அழைத்தார்கள். சந்திரமோகன் கிடாரைத் தொடங்கினான். அந்த வரி வரும்வரை அதை மாற்றிவிடலாம் என்றே ஏனோக்கு நினைத்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் கன்னியம்மாள் உதடுகள் அவனுக்கு முன்பாகவே அந்த வரியைச் சொல்லின. அவனும் பாடினான். அம்மா பார்க்கிறாள் என்று அரசு இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

பாஸ்டர் அதைக் கண்டுகொண்டார். "அந்தத் தம்பிய மேல கூட்டிகினு வாங்க!" தள்ளாத குறையாக அரசை ஏற்றிவிட்டார்கள். பாஸ்டர் மைக்கை அவன் வாயருகே நீட்டினார். "வுட்டுட்டியா தம்பி?"

அரசு ஏனோக்கைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"ஆங்... வுட்டுட்டேன்."

மைதானமே அல்லேலூயா என்றது. கன்னியம்மாள் மண்ணில் முழங்காலிட்டாள். "ஜனங்களுக்கு உன் சாட்சியச் சொல்லு" என்று பாஸ்டர் மைக்கை அரசின் கையிலேயே கொடுத்துவிட்டு ஜெபத்தில் கண்ணை மூடினார்.

அரசின் மேலிருந்து இன்னும் கஞ்சா வாடை அடித்தது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஏனோக்கின் பக்கம் சாய்ந்தான். "இப்போ இன்னா சொல்றது?"

அது ஏனோக்குக்குத் தெரிந்திருந்தது. அவன் காதருகே குனிந்து, வரி வரியாகச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினான்.