அங்குலத்துக்குப் பதினாறு

ஆவடியில் டிபன்ஸ் பேக்டரி ஒன்றில் நான் இன்ஸ்பெக்டர். போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று நினைத்து மரியாதை கொடுத்துவிடாதீர்கள். செய்து வருகிற பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததன் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுகிற இன்ஸ்பெக்டர். பதினோரு வருஷம் பெருக்கல் குறி போட்டதில் குணமே அப்படி ஆகிவிட்டது. கல்யாணப் பந்தியில் அப்பளம் ஒரு பக்கம் வளைந்திருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. குவார்ட்டர்ஸில் எனக்கு 'ரிஜெக்ட்' கலியமூர்த்தி என்று பெயர். எனக்கு அது தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி புஷ்பாவுக்கு மூன்று வயதில் போலியோ. இடது காலுக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போடுவாள். முழங்காலுக்குக் கீழே ஒரு தோல் வார் கம்பியைக் காலோடு சேர்த்துப் பிடித்திருக்கும். அந்த வார் இறுக்கமாக நின்றால்தான் அவள் நிற்க முடியும்.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஏப்ரலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ. "அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கக்கெழமைங்க" என்றாள். நான் சாம்பாரில் உப்பு சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரி என்று தலையாட்டினேன். உப்பைச் சொன்னேனா, இன்டர்வியூவைச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது.

மறுநாளே அந்த வாரின் தையல் விட்டுப்போயிற்று. ஸ்டேஷனுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி உட்கார்ந்து செருப்பு தைக்கும் பால்ராஜிடம் கூட்டிப் போனேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். புஷ்பா டீக்கடை பெஞ்சில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். அவன் கால்மணி நேரத்தில் தைத்து நீட்டினான். அதோடு வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் ஆறங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுத்துத் தையல் மேல் வைத்தேன்.

"இங்க நாலு மில்லிமீட்டர், இங்க அஞ்சு. இது பாஸ் ஆவாதுப்பா."

பால்ராஜ் என்னைப் பார்த்தான், ஸ்கேலைப் பார்த்தான். பூட்ஸைத் திரும்ப வாங்கி, பிளேடால் தையல் அத்தனையையும் சரசரவென்று அறுத்து என் கையிலேயே வைத்தான்.

"அப்ப நீயே தெச்சுக்க சார்."

டீக்கடையில் நாலு பேர் சிரித்தார்கள். ஒருவன் எங்கள் பேக்டரிக்காரன். "தெச்சுக்கறேன்யா! இது என்ன பெரிய கம்பசூத்திரமா?" என்று கத்தினேன். கத்தியிருக்க வேண்டாம். புஷ்பா வலது காலில் செருப்பும் இடது கால் வெறுமையுமாக என் தோளைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷா வரை வந்தாள். வழியெல்லாம் பால்ராஜின் திமிரைப் பற்றியே பேசினேன். அவள் வீடு வந்த பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"அவன் நல்லாத்தாங்க தெச்சிருந்தான்."

சனிக்கிழமை பெரியமேட்டுக்குப் போய்த் தோல் துண்டு, மெழுகு, நைலான் நூல், இரண்டு ஊசி, ஒரு குத்தூசி எல்லாம் வாங்கி வந்தேன். கதவை, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பரந்தாமன், "என்ன சார், வீட்டுக்குள்ள டொக்கு டொக்குனு சத்தம்?" என்று கேட்டதற்கு ரேடியோ ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். தோல் தைக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒழுங்காகத் தைக்கத் தெரிந்தவனைத் திட்டிவிட்டு வந்தவனுக்கு, அதே வேலையைச் செய்வதில் என்ன மானக்கேடு? அப்போது அதெல்லாம் யோசிக்கவில்லை.

முதல் நாள் குத்தூசி தோலைவிட என் கட்டைவிரலைத்தான் அதிகம் குத்தியது. நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று விட வேண்டும். விட்டேன். முதல் ஊசி போன நூலையே இரண்டாவது ஊசி குத்திக்கொண்டு நின்றது. இந்தப் பக்கமும் வராது, அந்தப் பக்கமும் போகாது. பல்லால் இழுத்தேன். மெழுகு பல்லில் ஒட்டிக்கொண்டது. புஷ்பா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "காப்பி குடிக்கிறீங்களா, இல்ல வாயில வேல இருக்கா?" என்றாள்.

தைத்துப் பழகியதில் என் பழைய பெல்ட் போயிற்று. ஆபீஸ் பையின் மூடி போயிற்று. இதற்கிடையில் அவள் பரணில் கிடந்த பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடந்தாள். அது கடிக்கும். குதிகால் சிவந்து தோல் உரிந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "ரெண்டே நாள் பொறு" என்றேன். இப்படி நாலு தடவை சொன்னேன்.

ஆறாவது நாள் எனக்கு ஞானம் பிறந்தது. கையால் குத்தினால் ஓட்டை கோணுகிறது. நான் யார்? இன்ஸ்பெக்டர். அளந்து, கோடு கிழித்து, மெல்லிய டிரில் பிட்டைக் கை டிரில்லில் மாட்டி ஓட்டை போட்டால் முடிந்தது. பால்ராஜ் அங்குலத்துக்கு ஆறு தையல் போடுகிறானா? நான் பதினாறு போடுகிறேன். தையல் கூடினால் பலம் கூடும், இதில் என்ன சந்தேகம்? சின்னச் சின்ன ஓட்டைகள் நூல் பிடித்த மாதிரி வரிசையாக நின்றன. ஊசி வெண்ணெயில் போகிற மாதிரி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடித்துவிட்டு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஒரு தையல்கூடப் பிசகவில்லை. எனக்கே கண் கலங்கியது, சத்தியமாக. என் வாழ்க்கையில் நான் பாஸ் போட்ட முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

புஷ்பா வாரைத் தடவிப் பார்த்தாள். "அழகா இருக்குங்க" என்றாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவளோடு கிளம்பினேன். ஆவடி ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படி ஏறியிருப்போம். டர்ரென்று ஒரு சத்தம். புஷ்பா கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். என் அங்குலத்துக்குப் பதினாறில் ஒரு தையல்கூட விடவில்லை. தையல் வரிசையோடு தோல்தான் ஒரே நேர்க்கோட்டில் கிழிந்திருந்தது.

கீழே ஓடினேன். பால்ராஜ் அப்போதுதான் கடை விரித்துக்கொண்டிருந்தான்.

"பால்ராஜு... தப்பா நெனச்சுக்காத. அவளுக்கு இன்டர்வியூப்பா. படியில உக்காந்திருக்கா."

அவன் என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். நானாயிருந்தால் கேட்டிருப்பேன். சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினான். பூட்ஸை வாங்கி வாரைத் திருப்பிப் பார்த்தான்.

"யாரு சார் இத்த தெச்சது?"

"நான்தான்."

"தபாலாபீஸ்ல ஸ்டாம்பு கிய்க்கிறதுக்கு ஓட்ட போட்டுவெச்சிருப்பாங்களே, அத்தமாரி போட்டுவெச்சுகீற. குத்தூசில குத்துனா தோலு வெலகி வய்யி வுடும், அப்புறம் நூல கெட்டியா புட்ச்சுக்கும். நீ மெசின்ல தொள போட்டு தோலயே எடுத்துட்டியே சார். அப்புறம் நூலு எத்த புடிக்கும்?"

பதினோரு வருஷ சர்வீஸுக்கு மேம்பாலப் படியில் கிடைத்த பெருக்கல் குறி.

என் தோலை அறுத்து எறிந்துவிட்டு, தன் பையிலிருந்து தடித்த வார் ஒன்றை எடுத்து அளந்தான். "கெட்டியா புடி சார்" என்றான். நான் படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எங்கள் குவார்ட்டர்ஸ்காரர்கள் எங்களைத் தாண்டித் தாண்டி இறங்கினார்கள். பரந்தாமன்கூட வந்தார். "ரேடியோ ரிப்பேரா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். போகட்டும். கீழே ரயில் வந்து நின்று கிளம்பிப் போயிற்று. மணியைப் பார்த்தேன். அடுத்த வண்டியைப் பிடித்து, அம்பத்தூரில் இறங்கி, எஸ்டேட்டுக்கு ஆட்டோ தேடிப் போவதற்குள் இன்டர்வியூ முடிந்துவிடும்.

"போச்சே புஷ்பா, எல்லாம் என்னால போச்சே" என்றேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒண்ணும் போகலீங்க."

"மணி ஆச்சுடீ!"

"இன்டர்வியூ புதன்கெழமைதான்."

பால்ராஜின் ஊசி நின்றது. நான் அவளைப் பார்த்தேன்.

"திங்கக்கெழமைன்னு சொன்னியே?"

"ஆமா, ரெண்டு நாள் கொறச்சுச் சொன்னேன். வார் இன்னும் ஒரு மாசம் தாங்காதுன்னு தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன். எப்படியும் தெச்சு, இன்னிக்கு மாதிரி போட்டு நடந்து பாத்து, சரியில்லன்னா மாத்தணுமே. நீங்க ஸ்கேல எடுப்பீங்கன்னு மட்டும் தெரியல." கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். "இது பத்து நாளா டிவி மேலதான் கெடந்துச்சு. நீங்க ஒரு தடவ எடுத்துப் பாத்திருந்தா நான் மாட்டிருப்பேன்."

பேக்டரியில் ஒரு போல்ட்டுக்குக்கூட அதோடு வருகிற காகிதத்தை நான் இரண்டு தடவை படிப்பேன். கடிதத்தை வாங்கிப் பிரித்தேன். புதன்கிழமை, காலை பத்து மணி, பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே, டைப்ரைட்டிங் ஹையர் முதல் வகுப்புச் சான்றிதழின் அசலோடு வரவும் என்று இருந்தது. அவள் மத்தியானத்தில் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகிறாள் என்று தெரியும். லோயர் பாஸ் பண்ணியதோடு சரி என்று நினைத்திருந்தேன்.

"ஹையர் எப்ப பாஸ் பண்ணே? பஸ்ட் கிளாஸா?"

"போன வருஷம் ரிசல்ட் வந்துச்சே."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

புஷ்பா கிழிந்த வாரைத் தூசி தட்டி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் கேசரி கிண்டிவெச்சுட்டு உங்களுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். வந்து ஒரு வாய் வெச்சீங்க. சக்கர ஜாஸ்தின்னீங்க."