அம்மாவைத் தேடுது

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். புனே விஷ்ராந்த்வாடியில் மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீட்டில் யாருக்கும் அழுகிற பழக்கமே இல்லை.

அகல்யா வங்கி மேலாளராகிக் கோயம்புத்தூருக்கு மாற்றலில் போய் ஒரு வருஷம் ஓடிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஸ்நேஹாவும், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் பாலசுப்ரமணியனும் புனேயிலேயே இருந்தார்கள். தினமும் போன் வரும்.

"என்ன பண்ணுதிய? பிள்ள எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கோம். நீ கவலப்படாத."

பாளையங்கோட்டையில் பிறந்த மனிதருக்கு இதைத் தவிர வேறு தமிழ் வாக்கியம் தெரியாதோ என்று சந்தேகம் வரும். மகள் அதற்கும் மேல். "டீக் ஹைம்மா" என்பாள், எல்லாம் சரி என்று ஹிந்தியில்; உடனே போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

இப்போது வங்கியில் கேட்டிருந்தார்கள். பதவி உயர்வோடு இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கிறாளா, இல்லை புனேக்குத் திரும்புகிறாளா? வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்க என்ன சொல்லுதிய?" என்று அகல்யா கேட்டாள்.

"உன் இஷ்டந்தான்" என்றார். மனசில் இருப்பதைச் சொன்னால் அவள் காலைப் பிடித்து இழுத்தது போல ஆகிவிடும் என்று பயம். பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டார், பாவம். "சரி" என்று அகல்யா போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்நேஹாவின் இங்கிலீஷ் டீச்சர் வைஷாலி கூப்பிட்டார். உடனே வர முடியுமா என்று ஹிந்தியில் கேட்டார். குரலில் ஏதோ பதற்றம். பாலசுப்ரமணியன் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனார்.

வைஷாலி மேஜைமேல் 'என் அம்மா' என்ற கட்டுரையை வைத்தார். முதல் தடவை ஸ்நேஹா எழுதிய கட்டுரை முழுக்கப் பொன்மொழிகளாம், பெரிய பெரிய வார்த்தைகளாம். "எல்லார் அம்மாவும் இருக்காங்க, உன் அம்மா எங்க? நீ எங்க?" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் எந்த பாஷையில் பேசுகிறாயோ அதிலேயே நினைத்துப் பார், அப்புறம் எழுது என்றும் சொல்லியிருக்கிறார். இது இரண்டாவது.

பிறகு தணிந்த குரலில், "உங்க மனைவி எப்பலேர்ந்து காணோம்? போலீஸ்ல சொன்னீங்களா?" என்று கேட்டார்.

பாலசுப்ரமணியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டுரையை எடுத்துப் பார்த்தார். சிவப்புக் கோடு போட்ட வரியில், சாயங்காலம் ஆனால் அம்மாவைத் தேடுகிறேன் என்று இங்கிலீஷில் இருந்தது. தேடுவதற்கு 'ஸெர்ச்' என்றே எழுதியிருந்தாள்.

முதலில் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தார். அடுத்த வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

'அப்பா காலையில் இரண்டு டம்ளர் காபி கலக்குகிறார். எனக்குக் காபி பிடிக்காது. ஒரு டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஸிங்க்கில் ஊற்றுகிறார். அவரும் தேடுகிறார். யாரிடமும் சொல்வதில்லை.'

அந்த நேரத்தில் மகள் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தார்.

"மேடம், அவ தொலஞ்சு போகல" என்று தட்டுத் தடுமாறி ஹிந்தியில் விளக்கினார். "எங்க பக்கம் பிரிஞ்சு இருக்கறவங்க ஞாபகமாவே இருந்தா, தேடுதுன்னுதான் சொல்லுவோம்."

"அச்சா! ஆட்வண் யேதே!" ஞாபகம் வருது என்று மராத்தியில் சொன்ன வைஷாலிக்கு உயிர் வந்தது. "அப்ப 'மிஸ்'னு திருத்தச் சொல்லிடறேன்."

"வேண்டாம் மேடம்." அவர் குரல் அவருக்கே புதுசாக இருந்தது. "அது அப்படியே இருக்கட்டும்."

வைஷாலி ஒரு நிமிஷம் யோசித்தார். "சரி. ஆனா என்ன மாதிரி ஆளுக்கும் புரியணும். அர்த்தம் சொல்லி இன்னொரு வரி எழுதட்டும்."

வாசலுக்கு வந்து ஸ்கூட்டரில் சாய்ந்தபடி பாலசுப்ரமணியன் போன் போட்டார்.

"பேங்க்ல சொல்லிட்டியா?"

"இல்ல. இங்கயே இருக்கேன்னு எழுதி வச்சிருக்கேன். இன்னும் அனுப்பல. ஏன், என்ன?"

"பிள்ளைக்கு உன்னத் தேடுதாம்."

ஒரு பெருமூச்சு கேட்டது. "அவளா சொன்னா?"

"இங்கிலீஷ்ல எழுதியிருக்கா. டீச்சர் போலீஸ்ல சொன்னியளான்னு கேக்கா."

அகல்யா சிரித்தாள். சிரித்து முடித்தபோது மூக்கை உறிஞ்சினாள். "பிள்ளைக்கு மட்டுந்தானா?"

ரோட்டில் ஒரு பஸ் அலறிக்கொண்டு போனது. உன் இஷ்டம் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினார்.

"எனக்கும்தான். ரொம்பத் தேடுது, அகல்யா."

"இதச் சொல்ல ஒரு வருஷமா?" அழுதுகொண்டே திட்டினாள். "என்னைய வேண்டாம்னுல்லா நெனச்சேன். இரிங்க, எழுதினத அழிச்சிருதேன்."

"அழிக்காத. இருக்கேன்னே அனுப்பு. அவ பரீட்ச முடியட்டும், நான் மாத்தல் கேக்கேன். தேடுதவங்கதான வரணும்? நாங்க வாரோம்."

சொன்ன பிறகுதான் அவளைக் கேட்கவே இல்லையே என்று உறைத்தது.

"உன் இஷ்டம் என்ன?" என்றார்.

"உங்க இஷ்டம்னு சொல்லுவேன்னு பாத்தியளா?" என்றாள் அகல்யா. "சீக்கிரம் வாங்க."