மைக்கில் ஏறிய வயிற்றுவலி

பேருந்து நிலையத்தில் அவள் குரலைத் தெரியாத ஆளில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் தொடங்கினால் அழுகிற குழந்தைகூட ஒரு நொடி நிறுத்தும். அறிவிப்பு அறைக்குள் மட்டும் அவளுக்குப் பெயர் 'வயித்துவலி'. மாதத்தில் பாதி நாள் வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு அறிவிக்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள், புத்திசாலிகள்!

வைத்த புண்ணியவான் மேலாளர். இரைப்பை, குடல், கர்ப்பப்பை எல்லாவற்றுக்கும் சேர்த்து 'வயிறு' என்று ஒரே சொல் இருப்பது அவருக்கு ரொம்ப வசதி. உள்ளே இருக்கிற சரக்கும் அவரைப் பொறுத்தவரை ஒன்றுதான்: கேஸ். யார் வயிற்றைப் பிடித்தாலும் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை நீட்டிவிடுவார்.

அன்று மதியம் அவள் விடுப்புக் கேட்டு நின்றாள். மறுநாள் அறுவை சிகிச்சை. இந்தத் தேதியை விட்டால் இன்னும் பல மாதம் காத்திருக்க வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டியது.

மேலாளர் நல்ல நாற்காலி இருக்க, மைக் மேசைமேல் ஒருக்களித்து உட்கார்ந்தார். அதிகாரிகள் அப்படித்தான் உட்காருவார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"வயித்து வலின்னு நானும் ஸ்கூலுக்கு மட்டம் போட்டவன்தான். ஸ்கேன் நார்மல்னு நீதானே சொன்னே?"

"எல்லாம் ஸ்கேன்ல தெரியாது சார். உள்ள கேமரா விட்டுத்தான் பாக்கணும்."

"என் வீட்டுக்காரியும் இப்படித்தான் சுருண்டு படுப்பா. மாத்திரையைக் குடுத்தா கம்முனு ஆயிடுவா."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் பழக்கதோஷம், அறிவிப்புக் குரலே வந்தது.

"கேளுங்க சார். கர்ப்பப்பைக்கு உள்ள ஒரு சவ்வு இருக்கு. அது மாதிரியே வெளியிலயும், குடல் மேல, சினைப்பை மேல வளந்திருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. மாசாமாசம் அதுவும் ரத்தம் கசியுது. வெளிய போக வழியில்ல, அங்கேயே வீங்கிப் புண்ணாகுது. ஆறுற புண்ணு குடலையும் சினைப்பையையும் பசை போட்ட மாதிரி ஒட்டிடுது. போதாததுக்கு அதுக்குள்ள புதுசா நரம்பு வேற முளைக்குது. வருஷக்கணக்கா வலிச்சதுல தண்டுவடமும் மூளையும் அதுக்கே பழகிப்போயி, லேசாத் தொட்டாலும் அலறுது. உங்க மாத்திரை இதுல எதுக்கு சார்?"

"அசிங்கமா பேசாதே! யார் காதுலயாவது விழப்போகுது."

விழுந்துதான் இருந்தது. வெளியே நிலையமே சத்தமில்லாமல் நிற்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். மைக் பொத்தான் மேலாளரின் தொடைக்கு அடியில் நசுங்கிக்கொண்டிருந்தது. அவர் துள்ளி எழுந்தார்.

கதவு திறந்தது. தினமும் சாப்பாடு கொண்டுவரும் அவர் மனைவி கேரியரை மேசையில் வைத்தார். கணவரைப் பார்க்கவே இல்லை.

"ஏம்மா, அந்த டாக்டர் எங்க இருக்காங்க?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்?" மேலாளர் சட்டைப்பையைத் தடவினார். "உனக்குத்தான் மாத்திரையிலயே சரியாயிடுதே."

"வலி எங்க சரியாச்சு? சொல்றதை நிறுத்திட்டேன், அவ்வளவுதான். அந்தப் பொண்ணுக்கு லீவைக் குடுங்க. நாளைக்கு நானும் அவகூடப் போறேன்."

மேலாளர் கையெழுத்துப் போட்டார். பேனா கிழித்த கிழியில் தாள் பொத்தலானது.

அவள் மைக்கை அருகே இழுத்தாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நாளை முதல் அறிவிப்புகளை மேலாளரே வாசிப்பார்."