பந்தக்காலுக்கு முந்திய நலங்கு

பந்தக்கால் நடுவதற்கு முன்னாலேயே சிநேகாவுக்கு நலங்கு வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

எங்கள் பக்கத்தில் பந்தக்கால் நட்டு அதற்குப் பொட்டு வைத்த பிறகுதான் பெண்ணை மணையில் உட்காரவைத்து மஞ்சள் பூசுவார்கள். சிநேகாவின் அப்பா தனகோடி அண்ணன் வீட்டில் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பந்தல்காரனிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நான் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனபோது, சிநேகா முகம், கழுத்து, கை, கால் எல்லாம் மஞ்சளை அப்பிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் கூலிங்கிளாஸ்.

செங்கல்பட்டில் நான் கொசு ஒழிப்பு வேலை பார்க்கிறேன். தினக்கூலிதான். வீடு வீடாகப் போய் டிரம், தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு என்று தண்ணீர் நிற்கிற இடத்திலெல்லாம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புழு இருந்தால் கொட்ட வேண்டும், மருந்து ஊற்ற வேண்டும், கேட்டுக்குப் பின்பக்கம் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டு வர வேண்டும். என் பெயர் வேண்டா. வீட்டில் நான் மூன்றாவது பெண், அதனால் அந்தப் பெயர். தனகோடி அண்ணன் வீடு இருக்கிற கிணற்றடித் தெருவில் அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கொசுக்காரி என்பார்கள். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துப்போகத்தான் நான் வருகிறேன் என்று அவர்களுக்குச் சந்தேகம். அதில் பாதி உண்மைதான். மூடி வைத்த எதையும் திறந்து பார்ப்பதுதானே என் வேலை.

"இன்னா சிநேகா, இப்பவே நலங்கா?" என்று கேட்டேன்.

அவள் உள்பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளேயிருந்து அவள் அம்மா ஜோதிலட்சுமி வேகமாக வந்தாள்.

"பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி. மஞ்சா பூசுனா ஏறும்னு பூசிகினு கீறோம். அதுக்கும் உங்க ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கணுமா?"

"கண்ணாடி எதுக்கு?"

"கண்ணுல பூந்தா எரியாதா? நீ டிரம்ம பாத்துட்டு கெளம்பு."

டிரம் காய்ந்துபோய்க் கவிழ்ந்து கிடந்தது. சமையலறை ஓரமாக மூன்று தண்ணீர்க் கேன்கள் நின்றன. கேன் தண்ணீர் வாங்குகிற வீடு இல்லை அது. அது மட்டுமில்லை. தனகோடி அண்ணன் கடப்பாக்கத்தில் மீன் ஏலம் எடுத்து மார்க்கெட்டில் விற்கிறவர். அந்த வீட்டில் காலையிலேயே எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருக்கும். தெருமுனை வரைக்கும் வறுத்த மீன் வாசனை வரும். அன்றைக்கு ஒரு தாளிப்பு வாசனைகூட இல்லை. மேடையில் ஒரு சொம்பு மோர். மிக்சி ஜாரின் ஓரத்தில் பச்சையாக ஏதோ அரைத்த மிச்சம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் இரண்டு தழைக் காம்புகள். கீழாநெல்லி.

கேட்டுக்குப் பின்னால் தேதியை எழுதிவிட்டு வெளியே வந்தேன். கேட் மூடுகிற சத்தத்தோடு தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது. அதற்கு முன் அந்த வீட்டில் பகலில் தாழ்ப்பாள் போட்டு நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீடு ஆதியம்மாளுடையது. அவள் பெண் கீர்த்தனா சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். ஏழு மாதக் கர்ப்பம். பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். நான் போனபோது ஆதியம்மாள் வாசல் பள்ளத்தில் இறங்கிக் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் தண்ணீர் மேலே ஏறாது. அதனால் எல்லா வீட்டு வாசலிலும் ஆளிறங்குகிற அளவுக்குப் பள்ளம் தோண்டி, குழாயைக் கீழே வைத்திருக்கிறார்கள். பள்ளத்துக்குப் பக்கத்திலேயே சாக்கடை. போன மாதம் மிஷினை வைத்துப் புதுசாகச் சிமெண்ட் ரோடு போட்டார்கள். அன்றிலிருந்து காலையில் முதலில் வருகிற தண்ணீரில் ஒரு நாற்றம். கொஞ்சம் திறந்துவிட்டால் போய்விடும் என்று எல்லோரும் திறந்துவிட்டுப் பிடிக்கிறார்கள்.

"ஆதியம்மா, குடிக்கிற தண்ணிய காய்ச்சிடு. புள்ளத்தாச்சி கீது வூட்ல."

"போன மாசம் நீதான என் டிரம்ம கவுத்துட்டு போன. ரெண்டு நாளு தண்ணிக்கு நாயா அலஞ்சோம். இப்ப காய்ச்சிக் குடின்னு சொல்ற. சிலிண்டரு நீ வாங்கித் தருவியா?"

கீர்த்தனா கதவில் சாய்ந்து நின்று சிரித்தாள். "அக்கா, தெருவுல யாருக்குனா ஏதாவது வந்துக்குதா? சொல்லு, நான் காய்ச்சிக் குடிக்கிறேன்."

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. போன வருடம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவில் மஞ்சள் காமாலை பரவியது. மற்றவர்கள் எல்லாம் பத்தியம் இருந்து எழுந்துவிட்டார்கள். ஒரு கர்ப்பிணி மட்டும் எழுந்திருக்கவில்லை. தண்ணீரில் வருகிற இந்தக் காமாலை வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு வந்தால் தாயும் போகும், பிள்ளையும் போகும் என்று டாக்டர் எங்களை நிற்கவைத்துச் சொன்னார். அந்தப் பெண் வீட்டு டிரம்மிலும் நான்தான் டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன். கொசுப்புழு இல்லை என்று எழுதிவிட்டு வந்திருந்தேன்.

ஆனால் இப்போது எதை வைத்துச் சொல்வது? ஒரு கூலிங்கிளாஸ், இரண்டு காம்பு. என் சந்தேகம் தப்பாக இருந்தால் ஒரு பெண்ணின் கல்யாணத்தை நான் நிறுத்தியதாக ஆகும்.

"வரலாம்னுதான் சொல்றேன்" என்றேன். கீர்த்தனா அதற்கும் சிரித்தாள்.

தண்ணீர் நாறுகிறது, காமாலை வரலாம் என்று சுகாதார ஆய்வாளர் பூபாலன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தெருக் கடைசிக் குழாய்த் தண்ணில குளோரின் நிக்கவே மாட்டேங்குதும்மா, எங்கியோ சாக்கடை கலக்குது, எனக்கும் தெரியும். கூடப் போடச் சொல்லிட்டேன். ஆனா லைனை மூடி ரோட்டை ஒடைக்கணும்னா மேல கேப்பாங்க, காமாலை கேஸ் எங்கன்னு. ரோடு போட்டு ஒரு மாசம்கூட ஆவல. திறப்பு விழா போட்டோவுல மாலை இன்னும் வாடல."

"கேஸ் இருந்தா?"

"ஒரே ஒரு ஆளு ரத்தம் குடுத்தா போதும். மறுநாளே ஒடைக்கலாம். யாரு?"

"தெரியல சார். சந்தேகம்தான்."

"சந்தேகத்துக்கெல்லாம் ஜேசிபி வராதும்மா."

சாயந்தரம் தனகோடி அண்ணன் வீட்டுக்குத் திரும்பப் போனேன். அண்ணன் அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"காலைல பாத்துட்டு போனியே. இப்ப இன்னா கொசு?"

"அண்ணே, சிநேகாவுக்கு உடம்பு எப்பிடி கீது?"

"நல்லா கீது. யாரு கேக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. ரத்தம் மட்டும் குடுத்தா போதும். பேரு வெளிய வராது. பக்கத்து வூட்ல கீர்த்தனா கீது. அதே தண்ணிதான் குடிக்குது."

ஜோதிலட்சுமி உள்ளிருந்து வந்து என் பைக்குள் எட்டிப் பார்த்தாள். போனில் ஏதாவது பதிவு செய்கிறேனோ என்று தேடினாள் போலிருக்கிறது.

"எங்க வூட்டு அடுப்படிய மோந்து பாத்துட்டுப் போயி ஊரெல்லாம் சொல்லிகினு இருக்கியா? மாப்ள வூடு திருக்கழுக்குன்றம். ஏற்கெனவே ஒரு எடம் தட்டிப் போச்சு. ஈரல் கெட்ட பொண்ணுன்னு ஒரு வார்த்த அங்க போச்சுன்னா அதோட முடிஞ்சுது. உனுக்கு யாரு டப்பு குடுத்தாங்க?"

"ஜோதி, வுடு" என்றார் அண்ணன். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பேரு வெளிய வராதுன்ற. ஆம்புலன்ஸு வந்து நம்ம வாசல்ல நிக்கும். ரோட்ட நம்ம வாசல்ல ஒடைப்பானுங்க. அப்பறம் பேரு எதுக்கு?"

அறை ஜன்னலில் திரை லேசாக அசைந்தது. சிநேகா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தெரு என்னை வேறு மாதிரி பார்த்தது. நான் வந்தால் பேச்சு நின்றது. ஆதியம்மாள் வாசல் குடத்தின் மேல் தட்டைப் போட்டு மூடினாள். நான் ஊற்றுகிற மருந்தில்தான் தண்ணீர் நாறுகிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் நிரூபிக்க முடியாது. தனகோடி அண்ணன் வீட்டு விஷயத்திலும் என் நிலைமை அதுதான்.

பந்தக்கால் நட்ட அன்று முறையான நலங்கு. தெருவுக்கே அழைப்பு. எனக்கு அழைப்பு இல்லை. மருந்து ஊற்றுகிற சாக்கில் போய், பந்தலின் ஓரத்தில் நின்றேன். யாரும் துரத்தவில்லை. நல்ல காரியத்தில் சண்டை வேண்டாம் என்று விட்டிருப்பார்கள்.

சிநேகா மணையில் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ, அப்போதும் கூலிங்கிளாஸ்.

"பொண்ணு இன்னா சினிமாவுல நடிக்கப் போவுதா?" என்றாள் ஒரு பெண்.

"மெட்ராஸ் ஐ வந்து இப்பதான் எறங்கிகினு கீது" என்றாள் ஜோதிலட்சுமி.

"ஐயோ, எங்களுக்கும் ஒட்டிக்கப் போவுது."

"கண்ணாடி போட்டா ஒட்டாது. பூசிட்டுப் போடி."

எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருவராகப் போய்க் கன்னத்திலும் கையிலும் மஞ்சள் தொட்டு வைத்தார்கள். ஏற்கெனவே மஞ்சளாக இருந்த கையில் அது எங்கே தெரிகிறது? அண்டாவில் ரஸ்னா கலக்கி வைத்திருந்தார்கள். காலையில் வாசல் பள்ளத்திலிருந்து அந்த அண்டாவை நிரப்பியதை நானே பார்த்தேன். உள்ளே இருக்கிற கேன்களை ஒருவரும் வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் எதற்குக் கேன் என்று கேள்வி வரும்.

கீர்த்தனா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். சிநேகாவுக்குச் சந்தனம் வைத்துவிட்டு, முன்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜோதிலட்சுமியின் தங்கை டம்ளரை நீட்டினாள். கீர்த்தனா வாங்கினாள். நல்ல வெயில். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் இரண்டு எட்டு முன்னால் வைத்தேன். ஜோதிலட்சுமி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என் வாய் திறக்கவில்லை. அதுதான் நடந்தது.

"அக்கா, அத்த குடிக்காத."

சொன்னது சிநேகா.

கீர்த்தனா டம்ளரைப் பாதியில் நிறுத்தினாள். "ஏன்டி, ஈ வுழுந்துச்சா?"

"நான் குடிச்ச தண்ணிதான் அது. கீழ வெச்சிடு."

ஜோதிலட்சுமி ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தாள். "பொண்ணு காலைலருந்து சாப்புடல. மயக்கத்துல ஒளறுது."

சிநேகா அம்மாவின் கையை எடுத்துவிட்டாள். கூலிங்கிளாஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, எல்லோரையும் பார்த்தாள். அவள் உடம்பில் யாரும் மஞ்சள் பூசாத இடம் கண் ஒன்றுதான். அதுதான் எல்லாவற்றையும் விட மஞ்சளாக இருந்தது.

கீர்த்தனா டம்ளரைத் தரையில் வைத்தாள். ஆதியம்மாள் அவள் கையைப் பிடித்து, வீட்டுக்குக் கூட்டிப் போனாள். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். போகும்போது சிலர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்கள். மஞ்சளைத்தான் துடைத்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மதியமே பூபாலன் சார் ஆளோடு வந்து சிநேகாவிடம் ரத்தம் எடுத்தார். லைனை மூடினார்கள். லாரியில் தண்ணீர் வந்தது. மறுநாள் சிமெண்டை உடைத்தார்கள். தனகோடி அண்ணன் சொன்ன மாதிரியே அவர் வாசலில்தான். சாக்கடைக்கு அடியில் போகிற குழாயில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. தண்ணீர் விடாத நேரத்தில் சாக்கடை அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் கணக்கெடுத்தபோது, இன்னும் நான்கு வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. என் மருந்தைக் குறை சொன்ன வீடும் அதில் ஒன்று.

கீர்த்தனாவுக்கு ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் இது உடனே தெரியாதாம். சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆதியம்மாள் தினமும் அவளை வெளிச்சத்தில் நிறுத்திக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறாள்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். சிநேகாவைப் பார்த்தாள், பழம் கொடுத்தாள், உடம்பு தேறட்டும், தையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனசு என்கிறார்கள் பாதிப் பேர். நாசூக்காகக் கழற்றிவிட்டாள் என்கிறார்கள் மீதிப் பேர். தை வந்தால்தான் தெரியும்.

அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போனபோது, தாழ்ப்பாள் போடவில்லை. சிநேகா முகம் கழுவிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கூலிங்கிளாஸ் இல்லை. என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் டிரம்மைப் பார்த்து, தேதி எழுதி முடிக்கிற வரைக்கும் ஜோதிலட்சுமி பின்னாலேயே நின்றாள்.

"நீதான அவளுக்கு சொல்லிக் குடுத்த?" என்றாள்.

"இல்ல."

"அவளா சொல்லக்கூடிய பொண்ணு இல்ல அது."

"நான் வாயே தொறக்கல. நீதான் பாத்துகினு இருந்த."

அவள் நம்பவில்லை. உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"வெயில்ல வந்துக்கிற. குடி."

வாங்கினேன். குடிக்கும் முன், என்னை அறியாமல் என் விரல் டம்ளரின் அடியைத் தொட்டுப் பார்த்தது. வெதுவெதுப்பாக இருந்தது. ஜோதிலட்சுமி அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சினதுதான்" என்றாள்.