ஒன்பதாவது கண்ணாடி

அத்தான் என் வீட்டுப் படியேறிப் பதினோரு வருடம் இருக்கும். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவையும் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு பழுப்பு உறையோடு அவர் வந்து நின்றபோதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. அவர் நகரசபைத் தலைவர். நான் அதே நகரசபையில் கட்டடப் பிரிவு ஓவர்சீயர். பரீட்சை எழுதி வாங்கிய வேலை. ஆனால் அவர், தான்தான் போட்டுக்கொடுத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இத்தனை நாள் விட்டிருந்தேன். விட்டது தப்பு.

உறைக்குள் ஒரு சான்றிதழ் தட்டச்சாகி இருந்தது. நகரசபையின் பழைய கட்டடத்தில் விரிசல்கள் அகன்றுகொண்டே போகின்றன, எந்த நேரமும் இடியலாம், மக்கள் உயிருக்கு ஆபத்து. கீழே என் பதவியைப் போட்டு, கையெழுத்துக்குத் தாராளமாக இடமும் விட்டிருந்தார்கள்.

நூற்று நாற்பது வருடக் கட்டடம் அது. கீழே பிறப்பு இறப்புப் பதிவும் தையல் வகுப்பும் நடக்கின்றன. மாடியில் சபை கூடும். பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்களின் பட்டியலில் இருப்பதால் அதிலிருந்து ஓர் ஆணியைக்கூடப் பிடுங்க முடியாது. ஓவர்சீயர் ஆபத்து என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் பட்டியலை விட்டுப் போய்விடும். அந்த இடத்தில் ஆறு மாடிக் கடைத்தொகுதி எழுப்ப வேண்டும் என்று அத்தான் இரண்டு வருடமாக ஒற்றைக் காலில் நிற்கிறார்.

"ஒரு கையெழுத்துதானே கேக்குறேன். என்னமோ கிட்னியக் கேட்ட மாதிரி பாக்குற" என்றார்.

"கண்ணாடி இன்னும் உடையல அத்தான்" என்றேன்.

விஷயம் இதுதான். சுவரில் விரிசல் விட்டால், அதன் குறுக்கே விரல் அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டில் பதித்துத் தேதி போட்டுவிடுவோம். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி பட்டென்று உடைந்துவிடும். உடையாமல் இருந்தால், விரிசல் என்றைக்கோ விட்டது, இப்போது நகரவில்லை என்று அர்த்தம். அந்தக் கட்டடத்தில் நான் ஆறு வருடத்துக்கு முன்னால் பதித்தேன். மழை, வெயில், பக்கத்துத் தெருவில் குழாய் புதைத்தவர்கள் போட்ட ஆட்டம், எதற்கும் ஒன்றுகூட அசையவில்லை.

"சரி, உடைஞ்சா?"

"உடைஞ்ச அன்னிக்கே கையெழுத்துப் போடுறேன்."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா நிம்மதியாக டீயைக் குடித்து முடித்தாள். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது அவர்கள் படியிறங்கிப் போன பிறகுதான் எனக்கே உறைத்தது.

புதன்கிழமை காலையில் என்ஜினியர் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு மேலதிகாரி. தலைவர் தும்மினால் இவர் கைக்குட்டையை நீட்டுவார். மேஜைமேல் ஒன்பது போட்டோக்களைப் பரப்பியிருந்தார். ஒன்பது கண்ணாடியும் உடைந்துவிட்டன, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப் போகிறார், நான் அங்கேயே எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். நான் சொன்ன சொல் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

ஏணியைத் தூக்கிக்கொண்டு நேரே அங்கே போனேன். முகப்பு வளைவில் மூன்று, மண்டபத்தில் நான்கு, தையல் வகுப்பில் ஒன்று. ஒவ்வொன்றும் நட்டநடுவில் ஒரே அடியில் உடைந்திருந்தது. கடைசியாக மாடிப்படிச் சுவருக்கு வந்தேன். அதுவும் உடைந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் ஆத்திரமும் வந்துவிட்டது.

எனக்கு அந்தக் கட்டடத்தின்மேல் காதல் ஒன்றும் கிடையாது. அந்தப் படிகளில் ஏறினால் முழங்கால் கழன்றுவிடும். மழை வந்தால் பதிவு மேஜையைத் தள்ளிப் போட வேண்டும். ஆனால் நிற்கிற சுவரை விழப்போகிறது என்று என் கையால் எழுதமாட்டேன். எழுதினால், நாளைக்கு உண்மையிலேயே விழப்போகிற சுவரைப் பற்றி நான் எழுதுவதை எவன் நம்புவான்?

சாயங்காலம் அக்கா போனில் வந்தாள். முதலில் சந்தோஷமாகத்தான் பேசினாள். நான் பிடிகொடுக்காமல் பேசவும் அவள் குரல் மாறியது.

"நாலு பேர் முன்னாடி அவரத் தலைகுனிய வெச்சேன்னா, அப்புறம் என் வாசப்படிய மிதிக்காத" என்றாள்.

அம்மா போன பிறகு சொந்தம் என்று நான் போய்வர இருக்கிற ஒரே வீடு அது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சபை கூடியது. இடிந்து விழப்போகிற மண்டபத்தில் உறுப்பினர்கள் மின்விசிறிக்கு அடியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். என்ஜினியர் அறிக்கையை வாசித்தார். ஒன்பது விரிசல்கள், அவற்றின்மேல் ஒன்பது கண்ணாடிகள், ஒன்பதும் உடைந்தன, ஆகவே ஒன்பது விரிசல்களும் அபாயகரமாக அகன்றுவிட்டன. அத்தான் பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போடுகிறேன், அதற்கு முன்னால் அந்த ஒன்பதாவது விரிசலைச் சபை ஒருமுறை நேரில் பார்த்துவிடட்டும், படியில் இறங்கினால் இருக்கிறது என்றேன். அத்தான் தேவையில்லை என்றார். இஸ்திரிக்கடை அம்மா எழுந்துவிட்டார். ஏழாவது வார்டு உறுப்பினர். எந்தக் கட்சிக்கும் அடங்காதவர். அவர் எழுந்தால் மற்றவர்களும் வேடிக்கை பார்க்க எழுந்தாக வேண்டும்.

எல்லாரும் மாடிப்படியில் நெருக்கியடித்து நின்றோம். சுவரில் இரண்டு சிமெண்டுப் பொட்டு, நடுவில் உடைந்த கண்ணாடி. அதற்குப் பின்னால் வெள்ளைச் சுவர் வழவழவென்று இருந்தது. என்ஜினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். அத்தான் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தார். இஸ்திரிக்கடை அம்மா வேட்டியில் சுருக்கம் தேடுகிற மாதிரி உள்ளங்கையால் சுவரை மேலும் கீழும் தடவினார்.

"விரிசல் எங்கய்யா?" என்று கேட்டார்.

நான் கையோடு கொண்டுவந்திருந்த அலுவலகக் கண்ணாடிப் பதிவேட்டைத் திறந்து இரண்டாம் பக்கத்தை வாசித்தேன். முதல் எட்டுக் கண்ணாடிகள் விரிசல்களின்மேல். ஒன்பதாவது விரிசலே இல்லாத சுவரில். வெயிலிலோ அதிர்விலோ கண்ணாடி தானாக உடைகிறதா என்று சரிபார்க்க வைத்தது. எங்கே போனாலும் இப்படி ஒன்று உபரியாகப் பதிப்பது என் வழக்கம். சுத்தியலோடு போனவர் முதல் பக்கத்தில் இருந்த இடங்களின் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றுவிடாமல் வேலையை முடித்திருக்கிறார். எட்டோடு நிறுத்தியிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன்.

"இந்தச் சுவர் நகரல அத்தான்" என்றேன். "யாரோ கைய வெச்சிருக்காங்க."

சபையில் அவரை அத்தான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் பேனாவை மூடி அவர் சட்டைப்பையிலேயே செருகினேன். இடிக்கும் தீர்மானம் பதினேழுக்கு நான்கு என்று தோற்றது.

திங்கட்கிழமை எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது, ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்குக்கு. எதிர்பார்த்ததுதான். அக்காவுக்கு மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. அது வலித்தது, இப்போதும் வலிக்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

பொறுப்பை ஒப்படைக்க மாலை வரை நேரம் இருந்தது. சிமெண்டைக் குழைத்து எடுத்துக்கொண்டு போய், பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, ஒன்பது இடத்திலும் புதுக் கண்ணாடி பதித்துத் தேதி போட்டேன். அத்தான் தள்ளி நின்று எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணட்டும் என்று விட்டேன். அவர் சாப்பிடப் போன சமயத்தில் பத்தாவது ஒன்றையும் பதித்தேன். அது எங்கே இருக்கிறது என்பதைப் பதிவேட்டின் மூன்றாம் பக்கத்தில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறேன். அங்கே யாரும் அவ்வளவு தூரம் படிக்கமாட்டார்கள்.