ஹார்ட்விக்கின் இரண்டாவது பேட்டரி

ரோன் மலைச்சரிவில் தரையில் நின்று ரேடியோவால் கிளைடர் என்ற இன்ஜின் இல்லாத விமானத்தை ஓட்டுபவர்களுக்கெல்லாம் ஹார்ட்விக் சிம்மசொப்பனம். சங்கத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர். காரைவிட நீளமான இறக்கையோடு வரும் விமானத்தில் ஒற்றை பேட்டரிதான் என்று தெரிந்தால் பிலுபிலுவெனப் பிடித்துக்கொள்வார். முதல் பேட்டரி படுத்தால் இரண்டாவது தாங்க வேண்டும். இல்லாவிட்டால் விமானம் சொன்ன பேச்சு கேட்காமல் போய் மண்ணில் குத்தும்.

அவருடைய சொந்த விமானத்தில் இரண்டாவது பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஈயக்கட்டி. மூக்கில் எடை போதவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வேலைக்கே வராத பேட்டரிக்கு வாராவாரம் சார்ஜ் ஏற்றவும் சோம்பல். ஈயத்தை மஞ்சள் உறையில் சுற்றி, ஒயரும் ஒட்டிச் செருகிவிட்டார். மனைவி குட்ருனுக்குக்கூடத் தெரியாது என்று நினைத்திருந்தார், பாவம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இழுவை விமானம் ஹார்ட்விக்கின் கிளைடரை உயரத்தில் விட்டுவிட்டுத் திரும்பியது. மேகத்தடியில் ஒரு வட்டம் முடிவதற்குள், கிளைடரின் வயிற்றில் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது.

"முதல் பேட்டரி போச்சு," என்றார் சங்கத் தலைவர் வோல்க்மார். "உனக்கென்னப்பா, ரெண்டாவது இருக்கு. அவசரப்படாம இறக்கு."

அங்கே இருப்பது ஈயம் என்று ஹார்ட்விக்குக்கு அல்லவா தெரியும். குளிர்காலம் குளிர்காலமாக உட்கார்ந்து கட்டிய விமானம். விழுந்தால் அதுவும் போகும், உடைந்த மூக்கிலிருந்து ஈயம் உருண்டு மானமும் போகும். ஆனால் சனியன் விழவில்லை. திருப்பினால் திரும்பியது, இறக்கினால் இறங்கியது. ஈயத்தில் எப்படி ஓடுகிறது என்று புரியாமலே புல்லில் இறக்கினார்.

ஓடிப்போய் மூடியைத் திறந்தார். முதல் பேட்டரியின் ஒயர் கழன்று கிடந்தது. மஞ்சள் உறைக்குள் நிஜ பேட்டரி.

காப்பி ஃபிளாஸ்கோடு பின்னால் வந்த குட்ருன் மெல்லக் குனிந்தார்.

"சமையல் தராசுல அதே எடைக்குப் பார்த்துத்தான் வச்சேன். சார்ஜும் நான்தான் போடறேன்."

"என் ஈயம்?"

"முட்டைக்கோஸ் புளிக்கப்போட்ட ஜாடி மூடி மேல, அமுக்குற கல்லுக்குத் துணையா உட்கார்ந்திருக்கு. இந்த வருஷம் நல்லாப் புளிச்சிருக்குன்னு ரெண்டு தட்டு வாங்கித் தின்னியே."

அதற்குள் வோல்க்மார் எல்லாரையும் கூட்டிவிட்டார். இரண்டாவது பேட்டரியின் மகிமையை ஹார்ட்விக் வாயாலேயே கேட்க வேண்டுமாம். ஹார்ட்விக் தொண்டையைச் செருமினார். குட்ருன் காப்பி ஊற்றிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தார்.

"நம்ம பேட்டரியை நாமே சோதிக்கக் கூடாது," என்றார் ஹார்ட்விக். "என்னோடதை குட்ருன்தான் பார்க்கிறா."

அடுத்த ஞாயிறு முதல் பாதுகாப்புப் பொறுப்பு குட்ருனிடம் வந்தது. வாராவாரம் சரிவுக்கு வந்ததும் முதல் வேலையாக ஹார்ட்விக்கின் விமான மூடியைத்தான் திறக்கச் சொல்வார்.