டெலிக்கு விட்ட இடம்

ஆறு மாதப் பயிற்சிக் காலம் அன்றோடு முடிகிறது. நிரந்தரமாக்கினால் பம்பாய்க் கோட்டையில் ஸ்டெனோ. இல்லாவிட்டால் அம்பாசமுத்திரத்தில் மாமா மகனுக்குப் பெண்டாட்டி. அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார். மாமா மகன் நல்லவன்தான். அவனைக் கட்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கென்று பார்த்து எங்கள் ஆபீஸ் பர்க்கெட் துரை, லண்டனில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு கடிதம் சொன்னார். "அம்மாவைச் சின்ன வீட்டுக்கு மாற்றும்போது எதை வேண்டுமானாலும் விற்றுக்கொள். அம்மாவின் டெலியை மட்டும் விற்காதே."

டெலியாம்! என்ன எழவோ? என் சுருக்கெழுத்தில் சத்தம் சரியாகத்தான் விழுந்திருந்தது. ஆபீஸ் அகராதியைப் புரட்டினேன். அந்தக் கிழட்டுப் புத்தகத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை.

பக்கத்து மேசை மீனாட்சியம்மாளுக்கு இருபது வருஷ சர்வீஸ். "டேபிள்னு அடிச்சுத் தொலையேன்டி. கிழவி வீட்ல டேபிள் இருக்காதா? இன்னிக்குப் போய்த் தெரியலேன்னு நிக்காதே!"

கேட்கவும் பயம், இட்டுக்கட்டவும் மனசில்லை. நான் டேபிள் என்று அடித்து, துரையின் அம்மாவுடைய ஆசைச் சாமான் எதுவோ விற்றுப்போனால் அந்தப் பாவம் யாருக்கு? ஒரு சொல்லுக்கு இடம் விட்டு அடித்து, கையெழுத்துக்கு வைத்தேன்.

துரை மணி அடித்தார். "இதென்ன, நடுவில் காலி?"

"அந்தச் சொல் எனக்குத் தெரியாது, சார்."

போச்சு, அம்பாசமுத்திரம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை.

"டெலிவிஷன். வாலை நறுக்கிச் செல்லமாக டெலி. தாமஸ் என்கிற என்னை அம்மா டாமி என்பதுபோல. தனியாக இருப்பவள், சாயங்காலமெல்லாம் அதோடுதான் பேசுவாள்."

அப்போது பம்பாயில் அந்தப் பெட்டி ஏது? பேப்பரில் படித்ததோடு சரி. அட, செண்பகவல்லி என்கிற நான் வீட்டில் செம்பா ஆன கதைதானே!

காலி இடத்தில் அவரே பேனாவால் எழுதினார். "உனக்கு முன்னால் இருந்தவர் தெரியாததையெல்லாம் தானே நிரப்புவார். அவரை அனுப்பிவிட்டோம். நீ இரு."

அப்பாடா! மாட்டுங்கா வரைக்கும் லோக்கல் ரயிலில் பல்லைக் காட்டிக்கொண்டே வந்தேன். எதிரே இருந்த மராத்திக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்த்துக்கொள்ளட்டுமே.

வீட்டில் அப்பா மாமாவுக்கு எழுதத் தொடங்கிய கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"கன்ஃபர்ம் பண்ணிட்டாங்கப்பா!"

"ஏட்டி, நெசமாவா?"

கடிதத்தை என்னிடமே நீட்டினார். 'முகூர்த்தத்தை' என்று எழுதி, அதற்குப் பிறகு தேதிக்கு இடம் விட்டிருந்தார்.

"காலையிலேருந்து பேனாவ வச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். கை ஓடல" என்றார் அப்பா. "நீயே கிழிச்சுப் போட்டுரு."